பாரிஸ் போன நரியும் பரண்மேல் காக்கையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளின் இரைச்சல் அன்று சற்றுக் குறைவு. வாசலில் பழைய பேப்பர்காரர் தராசுடன் நிற்கிறார். பரண்மேல் பல வருஷங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த மூட்டை ஒன்று கீழே இறங்குகிறது. அவிழ்த்துக் கொட்டியதும் தூசி பறக்கிறது. பழைய பாடப் புத்தகங்கள், பஞ்சாங்கங்கள், அவற்றுக்கு நடுவே வண்ண அட்டை போட்ட மெல்லிய புத்தகங்கள் சில.

வீட்டிலுள்ள ஒன்பது வயதுச் சிறுமி ஒன்றைக் கையில் எடுத்துப் பிரிக்கிறாள்.

“ஆயா, இந்தக் காக்கா ஏன் பேசுது?”

“அதுவா? உங்கப்பா சோறு தண்ணி இல்லாம படிச்சுக்கிட்டுக் கெடந்த பொஸ்தகம். உங்க தாத்தா மில்லுல சம்பளம் போட்ட அன்னிக்கு வாங்கியாந்து குடுப்பாரு” என்கிறாள் பாட்டி.

பேப்பர்காரர் அவசரப்படுகிறார். புத்தகங்கள் தராசில் ஏறுகின்றன. பேசும் காக்கைக்கும் பேசாத பஞ்சாங்கத்திற்கும் ஒரே விலை. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் எத்தனையோ வீடுகளில் நடந்த காட்சிதான் இது. ஆனால், அன்று எடைக்குப் போவது எத்தனை பெரிய சொத்து, எத்தனை தூரம் பிரயாணம் செய்து வந்த சொத்து என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்தக் காக்கை?

அதன் பெயர் காக்கை காளி. ‘பூந்தளிர்’ என்ற குழந்தைகள் பத்திரிகையில் வந்த சித்திரக் கதையின் நாயகன். 1984இல் தோன்றிய பூந்தளிரை வெளியிட்டது கொச்சியைச் சேர்ந்த பைகோ நிறுவனம். ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் தமிழ்க் குழந்தைகளின் பிரியத்திற்குரிய வாண்டுமாமா.

காளியின் பிறந்த ஊர் தமிழ்நாடு அல்ல, பம்பாய். ‘அமர் சித்திரக் கதா’ வரிசையை 1967இல் தொடங்கிப் புகழ் பெற்ற அனந்த பை, 1980இல் ‘டிங்கிள்’ என்ற குழந்தைகள் பத்திரிகையை ஆரம்பித்தார். அதில் லூயிஸ் பெர்னாண்டஸ் கதை எழுத, பிரதீப் சாட்டே படம் வரைய, ‘காலியா’ என்ற காக்கை அவதரித்தது. தமிழுக்கு வந்தபோது அது காளியாயிற்று.

கதை மிகவும் எளிது. ஒரு காடு. அதில் கீச்சு, மீச்சு என்று இரண்டு முயல்கள். அவற்றைப் பிடித்துத் தின்னவேண்டும் என்று ஒரு நரிக்கு ஓயாத ஆசை. நரிக்கு மூளை உண்டு; பலம் போதாது. ஆகவே டூப் டூப் என்ற முதலையைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறது. முதலைக்குப் பலம் உண்டு, மூளை கிடையாது! ஒருவர் திட்டம் போட, மற்றவர் வாயைப் பிளக்க, விருந்து தயாராகும் சமயத்தில், மேலே மரக்கிளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் காளி தலையிடும். பிறகு என்ன? நரி போட்ட திட்டம் நரியின் தலையிலேயே விடியும்.

காளிக்கு நகமில்லை, கோரைப் பல்லில்லை. அதனிடம் உள்ளவை இரண்டே ஆயுதங்கள். உயரத்திலிருந்து பார்க்கும் கண் ஒன்று. சமயத்தில் வேலை செய்யும் புத்தி மற்றொன்று.

வால் நீண்ட வானரம்

பூந்தளிர் வாசகர்கள் மறக்காத இன்னொரு பாத்திரம் கபீஷ். இதுவும் அனந்த பை உருவாக்கியதுதான். படம் வரைந்தவர் மோகன்தாஸ். கபீஷ் ஒரு குரங்குக் குட்டி. அதன் வால் நினைத்த அளவுக்கு நீளும்! பள்ளத்தில் விழுந்தவர்களுக்குக் கயிறாகும். ஆற்றைக் கடக்கப் பாலமாகும். துஷ்டர்களுக்குச் சுருக்காகும்.

கபீஷின் தோழர்கள் ஒரு கூட்டமே உண்டு. பந்தீலா என்ற யானை, பபூச்சா என்ற கரடி, பிண்டு என்ற மான்குட்டி, மோட்டு என்ற முயல். எதிரிகளாகப் பீலு என்ற புலி, சிகால் என்ற நரி, இவர்களோடு தோபாயா என்ற வேடன். காட்டில் மனிதன் ஒருவன் வருகிறான் என்றால் அவன் எதிரியாகத்தான் வருகிறான்! மிருகங்களின் பக்கம் நின்று மனிதனைப் பார்க்கும்படி குழந்தைகளுக்குச் சொல்லித் தந்த கதை அது.

வால் நீளும் என்ற கற்பனையை நம் நாட்டுக் குழந்தை ஒன்றுகூட ஆச்சரியமாகக் கேட்டிருக்காது. இராவணன் சபையில் ஆசனம் கொடுக்காதபோது, தன் வாலையே சுருட்டிச் சிம்மாசனமாக்கி உட்கார்ந்த அனுமனின் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் அல்லவா? அந்த அனுமனுக்குப் பேரன் முறையாகவே கபீஷ் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். ‘கபி’ என்றாலே குரங்கு என்றுதானே பொருள்!

பெயர் வைத்த மாமா

பிற மொழியில் பிறந்த இந்தப் பாத்திரங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் சொந்தக்காரர்களாக மாறியதற்கு முக்கியக் காரணம் வாண்டுமாமா. இவருடைய இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமையில் அரிமளத்தில் 1925இல் பிறந்தவர். ‘கல்கி’ பத்திரிகையில் நெடுங்காலம் பணியாற்றியவர். 2014இல் காலமாகும்வரை ‘வாண்டுகளுக்கு மாமா’ என்ற உறவையே பெரிய பட்டமாகக் கருதி வாழ்ந்தவர்.

மொழிபெயர்ப்பு என்றால் வார்த்தைக்கு வார்த்தை வைப்பது என்று அவர் எண்ணவில்லை. டிங்கிளில் வந்த வேட்டைக்கார ஷம்பு, பூந்தளிரில் ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனான். காலியா, ‘காக்கை காளி’ ஆனது. சொல்லும்போதே நாக்கில் தாளம் போடும் பெயர்கள்! குழந்தை ஒரு முறை கேட்டால் மறக்காது. இன்னொரு பாத்திரமான சுப்பாண்டி விஷயம் வேறு. அவன் 1983இல் டிங்கிளில் அறிமுகமானதே திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கதைகளைக் கொண்டுதான். ஆக, நம் ஊரிலிருந்து பம்பாய் போய், அங்கிருந்து மறுபடியும் தமிழுக்கு வந்து சேர்ந்தவன் அவன்.

போய்த் திரும்பி வருவது இந்தக் கதைகளுக்குப் புதிது அல்ல. சுப்பாண்டி போனது பம்பாய்வரைதான். காக்கை காளியோடு மோதும் நரி இருக்கிறதே, அதன் முன்னோர்கள் கடல் கடந்து பாரிஸ் வரைக்கும் போனவர்கள். அந்தப் பிரயாணத்தில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு!

1826இன் அதிசயம்

பேசும் மிருகக் கதைகளுக்கெல்லாம் மூலக் கிணறு பஞ்சதந்திரம். படிப்பே ஏறாத மூன்று ராஜகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மா என்ற ஆசிரியர் அரச நீதியை மிருகங்களின் வாயால் போதித்தார் என்பது கதை. கரடகன், தமனகன் என்ற இரு நரிகள் அதில் பிரசித்தம். பிங்களகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற எருதுக்கும் இருந்த நட்பை, கோள் சொல்லியே குலைத்து விடுகிறான் தமனகன்.

6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வானின் காலத்தில் பர்சோய் என்ற மருத்துவர் இந்நூலைத் தம் நாட்டு மொழிக்குக் கொண்டு சென்றார். 8ஆம் நூற்றாண்டில் அது அரபு மொழிக்குப் போயிற்று. கரடகனும் தமனகனும் அங்கே ‘கலீலா, திம்னா’ என்று பெயர் மாறினார்கள்! பின்னர் ஐரோப்பா. பிரெஞ்சுக் கவிஞர் லா போந்தேன் 1678இல் தம் நீதிக்கதைகளின் இரண்டாம் தொகுதியை வெளியிட்டபோது, பில்பாய் என்ற இந்திய ஞானிக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

இது பல நாடுகளைச் சுற்றிச் சென்ற பாதை. நேரான பாதை ஒன்று புதுச்சேரியில் திறந்தது. 1792இல் பிரான்சில் புரட்சி நடந்த சமயம், துய்புவா என்ற பாதிரியார் இங்கு வந்து சேர்ந்தார். புதுவை மிஷனைச் சேர்ந்த அவர் தென்னாட்டில் சுமார் 30 வருஷங்கள் வாழ்ந்தார். நம்மவர்களைப் போல உடுத்தினார், மாமிசத்தை விலக்கினார். கிராமங்களில் பழகிக் கதைகளைக் கேட்டார், ஏடுகளைச் சேர்த்தார். 1823இல் ஊர் திரும்பியவர், 1826இல் பஞ்சதந்திரத்தைப் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிப் பிரதிகளிலிருந்து பொறுக்கி எடுத்த கதைகள் அவை. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் சீடர்களும் அதே புத்தகத்தில் ஏறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள்!

அதே 1826இல்தான், சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரம் தமிழ் வசனத்தில் அச்சேறியது. புதுவையில் இன்றும் நடக்கும் பிரெஞ்சுப் பள்ளியான ‘லிசே’ பிறந்ததும் அதே ஆண்டு. ஒரே வருஷத்தில் நரியார் தமிழில் அச்சேறினார், பாரிஸிலும் அச்சேறினார்!

பாரிஸில் கிடைத்த படம்

துய்புவாவின் புத்தகம் 1872இல் மறுபடியும் வெளிவந்தது. இம்முறை படங்களுடன். வரைந்தவர் லெயோன்ஸ் பெத்தி. அவர் சாதாரணச் சித்திரக்காரர் அல்லர். படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்லும் கலையை பிரான்சில் ஆரம்ப நாட்களிலேயே கையாண்ட ஒருவர். இன்றைய காமிக்ஸுக்கு மூதாதை என்று சொல்லத்தக்க கை ஒன்று, தென்னாட்டு நரிக்கும் சிங்கத்துக்கும் உருவம் கொடுத்தது.

பிரெஞ்சு மொழியில் மிருகச் சித்திரக் கதைகள் பிற்பாடு எத்தனையோ தோன்றின. அவற்றில் ஒன்று மறக்க முடியாதது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் சிக்கியிருந்தபோது, கால்வோ என்ற ஓவியர் ரகசியமாக ஒரு சித்திரக் கதை வரைந்தார். நாஜிகள் ஓநாய்கள், பிரெஞ்சு ஜனங்கள் முயல்களும் அணில்களும், பிரிட்டிஷார் புல்டாக் நாய்கள், தளபதி தெ கோல் ஒரு நாரை! பாரிஸ் விடுதலை பெற்ற 1944ஆம் ஆண்டிலேயே அதன் முதல் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1945இல். 1940 செப்டம்பரிலேயே தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்ட புதுவைக்கு அந்த நாரை அந்நியன் அல்ல.

மனிதர்கள் வாய் திறக்க முடியாத காலத்தில் மிருகங்கள் பேசும். விஷ்ணுசர்மா அரசகுமாரர்களுக்கு நேரே சொல்லாததை நரியின் வாயால் சொன்னதும் இதே தந்திரந்தானே?

சமீப காலத்துக்கு வந்தால், எரோல், மஸ்பூ என்ற இருவர் 1995இல் தொடங்கிய ஒரு பிரெஞ்சு வரிசை உண்டு. அதில் வாள் வீரர்களான ஓநாயும் நரியும் கடற்கொள்ளைக்காரர்களோடு மோதிச் சந்திர மண்டலம்வரை போகிறார்கள். நரி பிரெஞ்சுக்காரர், சமயத்தில் கவிதையாகவே பேசுவார்!

தமிழ் காமிக்ஸ் அபிமானிகளுக்கு இன்னொரு வேடிக்கையும் சொல்லலாம். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் சிக்பில் குழுவைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. திபே என்ற ஓவியர் 1953இல் பெல்ஜியத்தில் அந்த வரிசையைத் தொடங்கியபோது பாத்திரங்கள் எல்லாம் மிருக முகத்துடனேயே இருந்தன. பிறகுதான் அவற்றுக்கு மனித முகம் கொடுத்தார். முகம் மாறியும் பெயர் மாறவில்லை. கோபக்கார ஷெரீப்புக்கு ஏன் ‘டாக்புல்’ என்று பெயர் என்று இப்போது விளங்குகிறதல்லவா? புல்டாக்கைத் திருப்பிப் போட்டது!

எது மாறியது?

பாரிஸ் போன நரியையும் பூந்தளிர் நரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய வித்தியாசம் தெரியும்.

பழைய பஞ்சதந்திரத்தில் நரி ஜெயிக்கும். கோள் சொன்ன தமனகனின் சூழ்ச்சி பலித்து, ஒரு பாவமும் அறியாத சஞ்சீவகன் சிங்கத்தின் கையால் மாண்டு போகிறான். தந்திரக்காரனுக்கு அரசனிடம் மதிப்பு கிடைக்கிறது. அது ராஜ்யம் ஆளப் போகிறவர்களுக்குச் சொன்ன பாடம். ‘உலகம் இப்படித்தான் இருக்கும், ஜாக்கிரதை’ என்று எச்சரிப்பது.

பஞ்சதந்திரத்திலும் ஒரு காக்கை உண்டு. தன் குஞ்சுகளைத் தின்ற பாம்பின் பொந்தில் அரண்மனை நகையைக் கொண்டுபோய்ப் போடும். நகையைத் தேடி வரும் சேவகர்கள் பாம்பைக் கொன்றுவிடுவார்கள். காக்கை காளியும் இதே மாதிரிதான் யோசிக்கும். ஆனால் அதன் கதையில் ஒருவரும் சாவதில்லை! நரிக்கு அடி விழும், முதலைக்கு வால் நசுங்கும். அடுத்த இதழில் இருவரும் புதுத் திட்டத்துடன் வந்து நிற்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏமாற்றுகிறவன் ஒரு தடவை தோற்றதோடு ஒழிந்துபோவதில்லை. வேறு வேஷத்தில் மறுபடி வருவான். ஆகவே ஒவ்வொரு தடவையும் விழிப்பாக இருக்கவேண்டும். காளி கற்பித்த பாடம் இது. முயல்கள் தப்புவது தங்கள் வேகத்தினால் அல்ல; மேலே ஒரு நண்பன் கண் விழித்திருப்பதால். வலியவனை எளியவன் வெல்லவேண்டுமானால் புத்தி மட்டும் போதாது, தோழமையும் வேண்டும் என்பது கபீஷின் காட்டிலும் காணும் தர்மம்.

ராஜகுமாரர்களுக்குச் சொன்ன கதை, மில் தொழிலாளியின் மகனுக்கும் லாரி ஓட்டுநரின் மகளுக்கும் ஏற்றபடி மாறி வந்தது. அந்த மாற்றத்தைச் செய்த தாள்கள்தான் பரண்மேல் கிடப்பவை.

எடைக்குப் போகும் செல்வம்

பூந்தளிர் நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆரம்ப கால இதழ்கள் இன்று சுலபமாகக் கிடைப்பதில்லை. ஏன்? அவை மலிவான தாளில் அச்சானவை. மரக்கூழில் செய்த அந்தத் தாளில் புளிப்புத் தன்மை உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறி, ஓரம் நொறுங்கும். புதுவை போன்ற கடற்கரை ஊரில் ஈரக்காற்று வேறு. இரும்புப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். பூச்சிக்குத் தப்பியது தராசுக்குத் தப்புவதில்லை.

பெரிய நூல்களுக்கு நூலகங்களில் இடம் கிடைக்கிறது. புதுவையில் 1827இல் தோன்றிய பொது நூலகம் இன்று ரோமென் ரோலன் நூலகமாக விளங்குகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர், பிறர் குப்பை என்று கழித்த துண்டுப் பிரசுரங்களையும் நாடக நோட்டீசுகளையும்கூட விடாமல் சேர்த்ததால் பிறந்த நூலகம் அது. குழந்தைகள் படித்துக் கிழித்த சித்திரக் கதைகளைச் சேர்க்க அவரைப் போன்ற பைத்தியக்காரர்கள் இன்னும் பலர் வேண்டும்!

ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பழைய இதழ்களை நிற்க வைக்காமல் படுக்க வைக்கலாம். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு நூலால் தைக்கலாம். பரணின் வெக்கையிலிருந்து இறக்கி, ஈரமில்லாத அலமாரியில், காய்ந்த வேப்பிலையோடு வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். படிக்கப்படும் புத்தகத்தை யாரும் எடைக்குப் போடுவதில்லை.

தராசு இறங்கியது

மேட்டுப்பாளையத்து வீட்டு வாசலில் பேப்பர்காரர் கணக்குச் சொல்லிவிட்டார். பணத்தை எண்ணும் நேரம். சிறுமி மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. நரியும் முதலையும் புதருக்குப் பின்னால் பதுங்கி நிற்கும் பக்கத்தில் இருக்கிறாள்.

“பாப்பா, அதையும் போடு, நேரமாவுது” என்கிறார் பேப்பர்காரர்.

“இருங்க மாமா. முயலுக்கு இன்னும் தெரியாது!”

பாட்டி ஒரு கணம் பேத்தியின் முகத்தைப் பார்க்கிறாள். அதே இடத்தில், அதே மாதிரி குனிந்து, மகன் உட்கார்ந்திருந்த நாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தராசுத் தட்டிலிருந்து வண்ண அட்டைப் புத்தகங்களை மட்டும் பொறுக்கி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

“இது இருக்கட்டும்பா. பஞ்சாங்கத்தை நிறுத்துக்க.”

தராசு மேலே எழும்புகிறது. அட்டையில் இருக்கும் காக்கை, கிளையில் உட்கார்ந்து, கீழே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது.